நேன் புகுந்த பட்டியல்

இந்த வாரம் மூன்று நாட்கள் ஒரு வெப்பநிலைப் பட்டியலோடு மல்லுக்கு நின்றேன். உணரிகள் அனுப்பும் அளவுகளை ஏறுவரிசையில் அடுக்கி, முதலில் நிற்பதை அன்றைய குறைந்த அளவாகக் காட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் சில நாட்களில் நடுப்பகல் வெப்பம் முதலிடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

கடைசியில் பட்டியலை நான்கே மதிப்புகளாகச் சுருக்கி, பைத்தான் என்ற நிரல் மொழியிடம் வரிசைப்படுத்தக் கொடுத்தேன்: 3, நேன், 1, 2. திரும்பி வந்ததும் அதேதான்: 3, நேன், 1, 2. ஒன்றுகூட இடம் மாறவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இப்படி எத்தனை அறிக்கைகள் போயிருக்குமோ!

நேன் (NaN) என்றால் 'எண் அல்ல' என்று பொருள். அளவு வராத இடங்களில் எங்கள் நிரல் அதைத்தான் இட்டு வைத்திருந்தது. கணினிகள் தசம எண்களைக் கையாள்வதற்காக 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரநிலைப்படி, நேன் எந்த எண்ணைவிடவும் சிறியதும் இல்லை, பெரியதும் இல்லை, தனக்குத்தானேகூடச் சமமில்லை. பைத்தானின் வரிசைப்படுத்தும் முறையான டிம்சார்ட்டோ (டிம் பீட்டர்ஸ் 2002இல் எழுதியது) முதல் வேலையாக, பட்டியல் ஏற்கெனவே வரிசையில் இருக்கிறதா என்று பார்க்கும். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டை எடுத்து, பின்னது முன்னதைவிடச் சிறியதா என்று கேட்கும். நேன் 3ஐவிடச் சிறியதா? இல்லை. 1, நேனைவிடச் சிறியதா? இல்லை. 2, 1ஐவிடச் சிறியதா? இல்லை. சரி, எல்லாம் வரிசையில்தான் இருக்கிறது என்று முடித்துக்கொள்கிறது. 3ஐயும் 1ஐயும் அது நேருக்கு நேர் நிறுத்தவே இல்லை. முதலாவது இரண்டாவதை மிஞ்சாது, இரண்டாவது மூன்றாவதை மிஞ்சாது என்றால் முதலாவதும் மூன்றாவதை மிஞ்சாது என்று நம்புகிறது. ஒவ்வொரு இணையையும் ஒப்பிடாமல் வேகமாக அடுக்க முடிவதே இந்த நம்பிக்கையால்தான். அதை நேன் உடைத்துவிடுகிறது.

மிகச் சிறியதைத் தேடித் தரும் செயற்கூறும் தப்பவில்லை. நேன், 1 என்று கொடுத்தால் நேன் வருகிறது. 1, நேன் என்று கொடுத்தால் 1 வருகிறது.

முழு எண்களிலும் இந்த நம்பிக்கை உடையும். ஜாவா மொழியில் இரண்டு எண்களை ஒப்பிடுவதற்காக ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, விடை மைனஸில் வந்தால் முதல் எண் சிறியது என்று கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 200 கோடியிலிருந்து மைனஸ் 200 கோடியைக் கழித்தால் வரும் 400 கோடி, முழு எண்ணுக்கு ஒதுக்கிய 32 பிட் இடத்தில் அடங்காது. மைனஸ் 29,49,67,296 என்று வந்து, பெரிய எண்ணைச் சிறியதாக்கிவிடும். தயவுசெய்து கழிக்காதீர்கள்.

ரஸ்ட் மொழியில் தசம எண் பட்டியலை அப்படியே வரிசைப்படுத்தச் சொன்னால், அதில் நேன் இருக்கலாம் என்பதால் நிரல் தொகுக்கப்படவே படாது, அதாவது ஓடும் நிலைக்கே வராது. முன்பு அது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தப் பிடிவாதத்தின்மேல் பெரிய மரியாதை வந்திருக்கிறது.

ஒவ்வொரு அளவையும் இப்போது ஓர் இணையாக மாற்றி ஒப்பிடுகிறேன்: முதலில் 'இது நேனா?' என்பதற்கான விடை, அடுத்து அந்த எண். பைத்தானில் பொய் மெய்யைவிடச் சிறியது என்பதால், நேன்கள் அத்தனையும் பட்டியலின் கடைசிக்குப் போய்விடுகின்றன. அவற்றின் எண்ணிக்கையையும் 'அளவு வராதவை' என்று அறிக்கையில் தனி வரியாகச் சேர்த்துவிட்டேன்.