இயேசுவின் பாதங்கள் எங்கே?

ஐரோப்பாவுக்கு குரூப் அழைத்துப்போகும் டூர் மேனேஜர்களுக்கு எங்கள் அலுவலகத்தில் வருடா வருடம் சீசனுக்கு முன்னால் ஒரு தேர்வு உண்டு. இத்தாலி வினாத்தாள் என் பொறுப்பு. பல வருடம் அந்த ஊர்களில் குரூப்போடு அலைந்தவள் என்று என்னிடம் கொடுத்தார்கள். நான் முதலில் தயாரித்த தாளில் ஐம்பது கேள்விகள், எல்லாம் ஒருவரி விடை. ஃப்ளாரன்ஸ் கதீட்ரலின் குவிமாடத்தைக் கட்டியது யார்? மைக்கேலாஞ்சலோ தாவீது சிலையைச் செதுக்கிய ஆண்டுகள்? புருனெல்லெஸ்கி, 1501 முதல் 1504 வரை என்று எழுதிவிட்டால் மதிப்பெண்.

அந்த வருடம் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வாங்கிய பையனின் முதல் குரூப்புக்குத் துணையாக நானும் ரோமுக்குப் போனேன். பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன் வாசலில் நிற்கிறோம். ஹாட்ரியன் பேரரசர் காலத்தில் ஏறத்தாழ கி.பி. 126இல் கட்டி முடித்தது, குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து அதன் உச்சிவரை உயரமும் ஒரே அளவு, 43.3 மீட்டர் என்று சரளமாகச் சொன்னான். குரூப்பில் ஓய்வுபெற்ற வரலாற்று டீச்சர் ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நீங்க ஹாட்ரியன்னு சொல்றீங்க. மேல அக்ரிப்பான்னுல்ல எழுதியிருக்கு?"

பையன் வாயடைத்து நின்றான். அக்ரிப்பா யார் என்பது அவனுக்குத் தெரியும். தாளில் சரியாக எழுதியும் இருந்தான். ஆனால் அந்த இரண்டு பெயரும் ஒரே கட்டடத்தோடு எப்படிச் சேர்ந்தன என்று நான் கேட்டதில்லை, அவனும் யோசித்ததில்லை. நான்தான் சொன்னேன்: முதலில் இங்கே கோயில் எழுப்பியவர் அக்ரிப்பா. அது தீயில் போனது. பிறகு புதிதாகக் கட்டியபோது, தன் பெயரைப் போடாமல் பழையவர் பெயரையே வாசலில் பொறிக்க வைத்தார் ஹாட்ரியன். டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம திருமழபாடி கோயில் மாதிரிதான். விமானத்தைப் பிரிச்சுக் கட்டுறப்ப பழைய கல்வெட்டையெல்லாம் படியெடுத்து வச்சு, புதுச் சுவர்ல திரும்ப வெட்டினாங்க" என்றார். குரூப்பே அவரைச் சுற்றிக் கூடிவிட்டது.

அன்று ராத்திரி ஹோட்டலில் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கேட்டதை அவன் படித்திருந்தான். குறை தாளில் இருந்தது.

அடுத்த வருடம் பன்னிரண்டே கேள்விகள் வைத்தேன், ஒவ்வொன்றோடும் ஒரு படம். பைசா கோபுரத்தின் படத்தைக் கொடுத்து, ஓரத்தில் ஸ்கேலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஸ்கேல் ஒட்டாது, கோபுரம் லேசாக வளைந்திருக்கும். 1173இல் தொடங்கிய வேலை, மூன்றாவது மாடிக்குள் சாய்வு தெரிந்து, அப்புறம் நூறு வருடம் போல நின்று போனது. மறுபடி தொடங்கியவர்கள் இறங்கின பக்கத்தைச் சற்று உயர்த்திக் கட்டிச் சரிசெய்யப் பார்த்ததில் வந்த வளைவு அது. 1990இல் மூடி 2001இல் திறப்பதற்குள் கோபுரத்தைக் கொஞ்சம் நிமிர்த்தினார்களே, அதற்கு எந்தப் பக்கத்து மண்ணை எடுத்தார்கள் என்பது துணைக்கேள்வி. பலரும் சாய்ந்த பக்கம் என்று எழுதினார்கள். எடுத்தது எதிர்ப்பக்கம்.

எனக்கு மிகவும் பிடித்தது மிலான் கேள்வி. லியனார்டோவின் கடைசி இராவுணவு ஓவியம், ஒரு மடத்தின் சாப்பாட்டு அறைச் சுவரில் தீட்டியது. மேசைக்குக் கீழே மற்றவர்களின் பாதங்கள் தெரிகின்றன, இயேசுவின் பாதங்கள் எங்கே? மிலானுக்கே போயிராத ஒரு பெண் படத்தை உற்றுப் பார்த்து, "அடியில் நடுவே வளைவாக ஒரு வெட்டு. வாசல் வைத்திருப்பார்கள்போல. இது சாப்பாட்டு அறைதானே" என்று எழுதியிருந்தாள். வாசல் வெட்டியது 1652இல். எந்த வருடம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. முழு மதிப்பெண் போட்டேன்.

அப்படியானால் வருடங்களே வேண்டாமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். வேண்டும். அந்த அறைக்குள் 15 நிமிடம்தான் விடுவார்கள். ஓவியம் ஏன் இப்படி மங்கிக் கிடக்கிறது என்று பயணி கேட்பார். ஈரச் சுண்ணத்தில் தீட்டாமல் காய்ந்த சுவரில் தீட்டியதால் சீக்கிரமே உரிய ஆரம்பித்தது என்பதையும், 1943இல் குண்டு விழுந்து கூரையும் பக்கச் சுவரும் சரிந்தபோது மணல் மூட்டை முட்டுக்கொடுத்த இந்தச் சுவர் நின்றது என்பதையும் முன்கூட்டியே பஸ்ஸில் சொல்லிவிட வேண்டும். அப்போது அந்த 1943 காதில் ஏறும்.

பாந்தியன் வாசலில் தடுமாறிய பையன் இப்போது சீனியர். போன சீசனில் அதே பாந்தியனுக்குள் இருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான், பின்னணியில் மழைச் சத்தம். "மேடம், குவிமாடத்து உச்சித் துளை வழியா உள்ளேயே கொட்டுது. கயிறு கட்டித் தள்ளி நிறுத்திட்டாங்க. தரை நடுவில லேசா மேடா இருக்கு. பளிங்கில சின்னச் சின்ன ஓட்டைங்க, குனிஞ்சு எண்ணினேன், இருபத்திரெண்டு. தண்ணி அதுல இறங்குது. இதைக் கேள்வியா வைங்க."

இந்த வருடத் தாளில் முதல் கேள்வி அதுதான்.