பத்மினி இன்ஜினுக்குக் கூடுதல் வலு

பழைய பிரீமியர் பத்மினி காரின் 1089 சிசி இன்ஜினில் குறைந்த செலவில் வலுவைக் கூட்ட விரும்பும் நண்பர்கள், சிலிண்டரை ரீபோர் செய்து பெரிதாக்குவதில் பணத்தை இறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 68 மில்லிமீட்டர் விட்டத்தை 69 ஆக்கினாலும் கொள்ளளவு ஏறத்தாழ 1122 சிசியாக, அதாவது 3 விழுக்காடு மட்டுமே உயரும். புது பிஸ்டன்களின் விலைக்கு அந்தப் பலன் ஈடாகாது.

உண்மையான பலன் சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட்டில் இருக்கிறது. வால்வுகள் தாம் அமரும் வளையத்தில் (சீட்டில்) சரியாகப் படியும்படி தேய்த்து, காற்று நுழையும் வழியிலுள்ள வார்ப்புப் பிசிறுகளை நீக்கி, நல்ல லேத் பட்டறையில் ஹெட்டின் அடிப்பரப்பைச் சிறிதளவு சீவினால் அழுத்த விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற அளவு, உயரும். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 272 சிசி என்பதால், 8-க்கு 1 என்ற விகிதத்துக்கு, ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் தகட்டின் இடைவெளியையும் சேர்த்து, எரி அறை சுமார் 39 சிசி இருக்க வேண்டும். சீவுவதற்கு முன் ஊசிக்குழலால் மெல்லிய எண்ணெய் விட்டு அதை அளந்துகொள்ளுங்கள்; கண்ணளவை நம்பவே கூடாது. அதற்கு மேல் உயர்த்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் விகிதம் கூடக்கூட, தானாக வெடிக்காமல் தாங்கும் திறன் (ஆக்டேன்) அதிகமுள்ள பெட்ரோல் தேவைப்படும். சென்னையின் மே மாத வெயிலில் கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது கலவை தானாக வெடித்து இன்ஜின் தட்டத் தொடங்கினால் பிஸ்டனே பாழாகும்.

பிறகு ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்து, பெட்ரோல் வரும் அளவை நிர்ணயிக்கும் சிறு துளையான கார்புரேட்டர் ஜெட்டைத் தேர்ந்தெடுக்கலாம். ரேடியேட்டரைச் சுத்தம் செய்யாமல் இவற்றில் எதையும் தொடங்காதீர்கள். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் மட்டுமே உள்ள கார் என்பதால், புது பிரேக் லைனிங்குக்கான தொகையை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.