பத்து விலா எலும்புகள்

டெக்சஸில் கம்யூனிட்டி காலேஜில் ரேடியாலஜிக் டெக்னாலஜி, அதாவது எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்கான இரண்டு வருட அசோசியேட் டிகிரி படிக்கிறேன். இரண்டாவது செமஸ்டர், வயது 39. இன்று மருத்துவமனைப் பயிற்சியில், டெக்னாலஜிஸ்ட் பக்கத்தில் நிற்க, முதல் முறையாக ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயை முழுசாக நானே எடுத்தேன்.

எண்பது வயதுப் பாட்டி. எக்ஸ்ரே குழாய்க்கும் படம் பதியும் தட்டுக்கும் இடையில் 72 அங்குலம். இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியக் கூடாதே, அதற்குத்தான் அவ்வளவு தூரம். மோவாயைத் தூக்கி, கைகளை இடுப்பில் வைத்து, தோள்களை முன்னால் தள்ளச் சொன்னேன். அப்போதுதான் தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காமல் விலகும். தட்டு சில்லென்று பட்டதும் பாட்டி சிலிர்த்தார். என் வாயில் தன்னாலே தமிழ் வந்தது: "ஒரு நிமிஷம்தாம்மா." புரிந்த மாதிரி தலையாட்டினார்.

இரண்டாவது மூச்சை இழுத்துப் பிடித்ததும் பொத்தானை அழுத்தினேன். திரையில் விலா எலும்புகளை எண்ணினேன். மூச்சை நன்றாக இழுத்திருந்தால் பின்பக்கம் பத்தாவது தெரிய வேண்டும். பத்தும் இருந்தன! மூலையில் என் பெயரின் முதலெழுத்துகள் உள்ள ஈய மார்க்கர், அதாவது எடுத்தவர் யாரென்று காட்டும் சின்ன அடையாள வில்லை, வெள்ளை வெளேரென்று. கண் கலங்கிவிட்டது.

டெக்னாலஜிஸ்ட் சான்றிதழுக்கான ஏஆர்ஆர்டி தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாளை மணிக்கட்டு எலும்புகள் எட்டுக்கும் பரீட்சை. அட்டைகளோடு மகள் காத்திருக்கிறாள். சரி, போகிறேன்.