உனக்கென்ன அம்மிணி

ஆகஸ்ட் 25, 2025, திங்கள்

நாளை அத்தம், ஓணக் கொண்டாட்டத்தின் முதல் நாள். இனி ஓணம் வரைக்கும் எல்லையில் இருக்கிற எங்கள் வேலந்தாவளம் சந்தையில் ராத்திரி பகல் கிடையாது. பூசணி, புடலை, முருங்கை என்று தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்து இறங்கும். கேரளத்து லாரிகள் ஏற்றிக்கொண்டு போகும். மண்டியில் கணக்கு என்னுடையது. கமிஷன், இறக்குக்கூலி கழித்து விவசாயிக்குத் தமிழில் சீட்டு, வியாபாரிக்கு மலையாளத்தில் பில். பன்னிரண்டு வருடமாகக் கணக்கு பிசகியதில்லை. வினையே அங்கேதான்.

"இந்த ஓணத்துக்கு ஆர்டர் வர்ற போனையும் நீயே பாத்துக்க. இத்தனை கணக்குப் பாக்கறவளுக்கு ரெண்டு பேச்சுப் பேசறது ஒரு வேலையா? உனக்கென்ன அம்மிணி!" என்றார் முதலாளி. சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எடை மெஷின் பீப் என்கிறது, லோடுக்காரர்கள் கத்துகிறார்கள், போனுக்குள் வேறு லாரி ஹாரன். மற்றவர்களுக்குப் பேசுகிறவர் குரல் மட்டும் முன்னால் வந்து நிற்குமாம். எனக்கு எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். வெள்ளரி அறுபது மூட்டை என்றாரா, எழுபதா? இன்னொரு தடவை கேட்கக் கூச்சப்பட்டு எழுபது என்று எழுதினேன். அறுபதாம். பத்து மூட்டை மிச்சம். யாரும் திட்டவில்லை, "கவனமில்லையா?" என்று மட்டும் கேட்டார்கள். கவனத்தைத் தவிர வேறெதுவும் என்னிடம் இல்லாத ஒரு மணி நேரம் அது. அப்புறம் பின்கட்டில் காலிச் சாக்குகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். சாக்கு வாசனை எனக்குப் பிடிக்கும்.

ஆகஸ்ட் 27, புதன்

சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு வந்த பெரியம்மாவிடம் அம்மா வாய்விட்டுவிட்டாள். "ஆட்டிசமா? அது சின்னப் பிள்ளைகளுக்கில்ல வரும்! இவ பி.காம். படிச்சவ."

சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் இருந்தது பெரியம்மா, பெயர்தான் இல்லை. 1995-இல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைதான், அதில் ஆட்டிசம் கிடையாது. அந்த வருடம் நான் ரெண்டாங்கிளாஸ். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவேன். டீச்சர் அதற்கு வைத்த பெயர் அடம். 2016 சட்டத்தில் வகைகள் 21 ஆனபோதுதான் ஆட்டிசமும் சேர்ந்தது. எனக்கு டாக்டர் சொன்னது அதற்கும் பிறகு, 31 வயதில்.

சலுகை வேண்டுமென்றால் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்று சான்றிதழ் வாங்க வேண்டும். நான் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை. மெடிக்கல் போர்டில் தெளிவாகப் பதில் சொன்னால் சதவீதம் குறைந்துவிடுமோ என்று ஒரு பயம், தடுமாறினால் இவளிடமா கணக்கைக் கொடுத்தோம் என்று ஊர் நினைக்குமோ என்று இன்னொரு பயம். கொழுக்கட்டை மட்டும் நன்றாக வந்திருந்தது.

ஆகஸ்ட் 30, சனி

வாயால் சொன்னால் குழறும் என்று பழைய சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்: போன் வேண்டாம், ஆர்டர் வாட்ஸ்அப்பில் வரட்டும், எத்தனை வந்தாலும் பார்த்துக்கொள்கிறேன். முதலாளி ரெண்டு தடவை படித்தார். "இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார். சொல்ல முடியாததுதானே விஷயம். போன் இப்போது லோடு எழுதும் பையனிடம்.

செப்டம்பர் 4, வியாழன்

உத்திராடம், திருவோணத்துக்கு முந்தின நாள். ஒரு திருச்சூர்க்காரருக்கு டைப் பண்ண வராது, குரல் பதிவாக அனுப்பினார். பயந்துகொண்டே திறந்தேன். நிறுத்தி நிறுத்தி நாலு தடவை கேட்டேன், நான் எத்தனை தடவை கேட்டாலும் அவருக்குத் தெரியாது! சேனை, அறுபது. சரியாக அறுபது.

ராத்திரி ரெண்டு மணிக்குக் கணக்கு நேரானது. "பாத்தியா, உன்னால முடியாதது ஒண்ணுமே இல்ல. அடுத்த வருசம் போனையும்..." என்று முதலாளி ஆரம்பித்தார். பில் கட்டுக்கு ரப்பர் பேண்டைப் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

திருவோணம். மண்டி லீவு. போனை அணைத்து அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறேன். பெரியம்மா கூப்பிட்டால் தூங்குகிறாள் என்று சொல்ல அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறாள்.