நம் லீக்கைப் பார்க்க ஒரு பயணம்

மலை பார்க்கவும் கோயில் பார்க்கவும் போவதைப் போல, கால்பந்து ஆட்டம் பார்க்கவும் ஊர் விட்டு ஊர் போகலாம் என்று நம்மில் பலருக்குத் தோன்றுவதில்லை. மான்செஸ்டருக்கும் பார்சிலோனாவுக்கும் ஒருநாள் போய்விட வேண்டும் என்று பணம் சேர்க்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களில் பெரும்பாலோர் பெரியமேட்டில் இருக்கும் நேரு ஸ்டேடியத்துக்குள் ஒரு முறைகூடக் கால் வைத்ததில்லை. நாட்டின் முதன்மைக் கால்பந்து லீக்கான இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை 2015லும் 2018லும் வென்ற 'சென்னையின் எஃப்.சி.' என்ற கிளப்பின் சொந்த மைதானம் அது. ரிப்பன் மாளிகைக்குப் பின்னால், சென்ட்ரலில் இறங்கினால் நடந்தே போகக்கூடிய தொலைவில் இருக்கிறது.

இந்த ஆதங்கம் நெடுநாளாக இருந்தது. ஒரு சீசனில் அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு, நண்பர் ஒருவருடன் கொச்சிக்கு இரவு ரயில் ஏறினேன். கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் சென்னையினுக்கும் ஆட்டம். அங்கிருந்து கோழிக்கோடு போய்க் கோகுலம் கேரளா ஆடுவதைப் பார்ப்பது, திரும்பும் வழியில் கோவையில் இறங்குவது என்று திட்டம்.

எர்ணாகுளத்தில் மெட்ரோ ஏறியபோதே பெட்டி முழுக்கப் பிளாஸ்டர்ஸின் மஞ்சள். நாங்கள் இருவர் மட்டும் சென்னையினின் நீலச் சட்டை. யாரும் முறைக்கவில்லை, ஓரமாக நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஸ்டேடியம் நிலையத்தின் படிக்கட்டு முடியும் இடத்தில் ஒரு பெண் சிறு சாயக் கிண்ணங்களை வரிசையாக வைத்துக்கொண்டு குழந்தைகளின் கன்னத்தில் மஞ்சளும் நீலமும் தீட்டிக்கொண்டிருந்தார். தூரிகையைத் துடைக்கும் துணிகூட மஞ்சளாகியிருந்தது. ஆட்டம் தொடங்க இன்னும் நெடுநேரம் இருந்தது. ஆனால் உள்ளே செண்டைச் சத்தம் எப்போதோ தொடங்கிவிட்டது.

என் பக்கத்து இருக்கையில் திருச்சூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். என் சட்டையைப் பார்த்துவிட்டு, "மோனே, சென்னையா? பயப்பட வேண்டாம், உட்கார்" என்றார். பிளாஸ்டர்ஸ் இதுவரை ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றதில்லை. 2014லும் 2016லும் இறுதிப் போட்டியில் கொல்கத்தாவிடம் தோற்றது. அதில் இரண்டாவது தோல்வி இதே கலூர் மைதானத்தில், சொந்த மக்கள் முன்னிலையில், பெனால்டியில் வந்தது. 2022இல் கோவாவில் ஹைதராபாத்திடம் மறுபடியும் பெனால்டியில் தோல்வி. இத்தனைக்குப் பிறகும் எப்படிச் சேட்டா வருகிறீர்கள் என்று கேட்டேன். "ஜெயித்தால்தான் வருவேன் என்றால் அது என் டீமா?" என்று திருப்பிக் கேட்டார். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை, இன்றும் தெரியாது.

தொலைக்காட்சியில் பந்து இருக்கும் இடம் மட்டுமே தெரியும். மைதானத்தில் பந்து இல்லாத இடமெல்லாம் தெரிகிறது. எங்களுக்கு நேர் எதிரே சென்னையினின் பக்கவாட்டுத் தடுப்பாளர் யாரும் பந்து தராத நேரத்திலும் மேலே ஓடினார், கீழே ஓடினார், மறுபடி மேலே ஓடினார். கோல்கீப்பர் தொண்ணூறு நிமிடமும் வாய் மூடவில்லை. முன்னால் நிற்கிறவர்களைக் கையால் தள்ளுவதைப் போலச் சைகை காட்டிக்கொண்டே இருந்தார். மாற்று வீரர் ஒருவர் இறங்கக் காத்திருந்தபோது, பயிற்சியாளர் தன் உள்ளங்கையிலேயே விரலால் கோடு போட்டு அவருக்கு ஏதோ விளக்கினார். அந்தப் பையன் தலையாட்டியபடியே கணைக்கால் காப்பின் டேப்பைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தான். இதையெல்லாம் எந்த ஒளிபரப்பும் எனக்குக் காட்டியதில்லை. அன்று நாங்கள் தோற்றோம். கண்டக்டர் சேட்டா என் தோளைத் தட்டிவிட்டுத் தன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

கொச்சியைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2018 மார்ச்சில், அந்த ஆண்டு நவம்பரில் நடக்க இருந்த இந்தியா – வெஸ்ட் இண்டீஸ் ஒருநாள் கிரிக்கெட்டை இதே மைதானத்தில் நடத்தப் பேச்சு எழுந்தது. 2017இல்தான் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆட்டங்கள் அங்கே நடந்திருந்தன. அதற்காகப் பார்த்துப் பார்த்துப் போட்ட புல்தரை. நடுவில் கிரிக்கெட் பிட்ச் வெட்டினால் அது பாழாகும் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். இயன் ஹ்யூம், சி.கே. வினீத், அப்போதைய இந்திய அணிக் கேப்டன் சுனில் சேத்ரி போன்ற வீரர்களும் குரல் கொடுத்தார்கள். கடைசியில் அந்தப் போட்டி திருவனந்தபுரத்துக்கு மாறியது. மைதானம் ஒரு அரசு அமைப்புக்குச் சொந்தம், கிளப்புக்கு அல்ல. கிளப் தனியாகப் போய்க் கேட்டிருந்தால் காரியம் நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஒவ்வொரு வாரமும் அந்த இருக்கைகளை நிரப்பியவர்கள் கேட்டதால் நடந்தது.

அதே ரசிகர்கள்தான் 2024 டிசம்பரில் தங்கள் சொந்த நிர்வாகத்தை எதிர்த்தும் வெளிப்படையாகப் போராடினார்கள். மஞ்ஞப்பட என்ற அவர்களின் ரசிகர் அமைப்பு அணியைக் கைவிடவில்லை. அணியை நடத்துகிறவர்களிடம் கணக்குக் கேட்டது. ஆதரவு என்றால் வாயை மூடிக்கொண்டு கைதட்டுவது என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்ட விரும்புகிறேன்.

கோழிக்கோட்டுக்குப் பகல் ரயில். ஷொரணூர் தாண்டிப் பாரதப்புழையை ஒட்டிப் போகும் தண்டவாளம். அறுவடை முடிந்த வயல்களில் மூங்கில் கம்பங்கள் நட்ட கோல்கள். மலப்புறம் மாவட்டத்தில் ஏழு பேர் ஆடும் 'செவன்ஸ்' போட்டிகளுக்குத் தற்காலிக காலரி கட்டி, ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்களை அழைத்து வந்து ஆட விடுகிறார்கள். கால்பந்து அங்கே வெளியிலிருந்து கொண்டுவந்து ஊட்டவேண்டிய பொருளாக இல்லை. ஆனால் கோகுலத்தின் ஆட்டத்துக்குக் கலூரில் கண்ட கூட்டம் இல்லை. இ.எம்.எஸ். கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நாங்கள் விரும்பிய இடத்தில் உட்கார முடிந்தது. ஐ.எஸ்.எல். தவிர நடந்த இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கை 2020–21, 2021–22 என அடுத்தடுத்து வென்ற அணி அது. ஐ-லீக் என்ற பெயரில் நடந்த போட்டியில் வேறு எந்த அணியும் அதைச் செய்ததில்லை. என் நண்பருக்கு அந்த ஆட்டம்தான் அதிகம் பிடித்தது. எல்லைக்கோட்டுக்கு அருகில் வீரர்கள் ஒருவரையொருவர் திட்டுவதும் சமாதானமாவதும் தெளிவாகக் கேட்டது.

கோவையில் இறங்கியதற்குக் காரணம் நேரு ஸ்டேடியம். சுற்றிலும் கடைகள், உள்ளே தடகள ஓடுபாதை, மாலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள். 2019 மார்ச் 9 அன்று இங்கேதான் சென்னை சிட்டி எஃப்.சி. (சென்னையின் எஃப்.சி. வேறு, இது வேறு), மினர்வா பஞ்சாபிடம் முதலில் ஒரு கோல் வாங்கிப் பின்தங்கி, பிறகு 3-1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனது. இரண்டாம் இடம் பிடித்த ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். பெட்ரோ மான்ஸி அந்த சீசனில் 21 கோல் அடித்தார். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் என்று நம் பையன்கள் பலர் அந்த அணியில் ஆடினார்கள். அதே ஆண்டு மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. ஒரே ஆண்டில், இரண்டு மாத இடைவெளியில், இரண்டு தேசியப் பட்டங்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. கால்பந்து பார்க்கிற தமிழர்களிலேயே இது தெரிந்தவர்கள் குறைவு என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

கொரோனா காரணமாக 2020–21 ஐ-லீக் முழுவதும் வங்காளத்திலேயே நடந்தது. அதன் பிறகு ஐ-லீக்கில் சென்னை சிட்டி ஆடவில்லை. சாம்பியன் அணி ஒன்று தேசியப் போட்டியிலிருந்து காணாமல் போனது. அதற்கு நிர்வாகக் காரணங்கள் உண்டு. ரசிகர்கள் மட்டும் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிளாஸ்டர்ஸ் இப்படிக் காணாமல் போக முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். கொச்சி நகரம் விடாது. சென்னை சிட்டி போனபோது இங்கே பெரிதாக எந்தச் சத்தமும் எழவில்லை.

அந்த ஸ்டேடியத்தின் வாசலில் நின்று நண்பரும் நானும் வாதாடினோம். தரம் உயர்ந்தால் கூட்டம் தானாக வரும் என்றார் அவர். கூட்டம் வந்தால்தான் தரத்துக்குச் செலவழிக்க யாராவது முன்வருவார்கள் என்பது என் கட்சி. நம் கிளப்புகளில் பெரும்பாலானவை முதலாளிகள் கையிலிருந்து போடும் பணத்தில் நஷ்டத்தில்தான் ஓடுகின்றன. டிக்கெட் வசூல் மட்டும் அந்தக் குழியை மூடாது. ஆனால் நிறைந்த காலரியைக் காட்டித்தான் விளம்பரதாரரை அழைக்க முடியும், ஒளிபரப்பு உரிமைக்கு விலை பேச முடியும், இளைஞர் அகாடமி நடத்த அடுத்த ஆண்டும் பணம் போடுங்கள் என்று முதலாளியிடம் கேட்க முடியும். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டதை நாம் பார்த்தோம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிய இருந்தது, புதுப்பிப்பு இழுத்துக்கொண்டே போனது. நாட்டின் முதன்மை லீக்கே அந்தரத்தில் தொங்கலாம் என்றால், நாம் ஓரமாக நின்று தரம் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை.

சுனில் சேத்ரி இதைத்தான் 2018 ஜூனில் சொன்னார். மும்பையில் சீன தைபேயை 5-0 என்று இந்தியா வென்ற ஆட்டத்துக்கு வந்தவர்கள் 2,569 பேர். ஐரோப்பிய அணிகளின் ரசிகர்களை நோக்கி அவர் ஒரு காணொளியில் பேசினார்: நம் தரம் அந்த அணிகளுக்கு அருகில்கூட இல்லை என்பது தெரியும், திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து செய்யுங்கள். கென்யாவுக்கு எதிரான அடுத்த ஆட்டம் அவருடைய நூறாவது சர்வதேச ஆட்டம். டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்து, கொட்டும் மழையில் மைதானம் நிறைந்தது. இந்தியா 3-0 என்று வென்றது. ஒரு வீரர் கை கூப்பிக் கேட்டால்தான் வருவோம் என்ற நிலை தொடரக் கூடாது.

திரும்பும் ரயிலில் நண்பர், "சரி, என்ன செய்யலாம் சொல்" என்றார். நான் சொன்னது இதுதான்: முதலில் ஒரு அணியை எடுத்துக்கொள். எல்லா அணியையும் பொதுவாக ஆதரிக்கிறவர் எந்த ஆட்டத்துக்கும் போகமாட்டார். இலவசப் பாஸுக்குக் காத்திராமல் டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதே ஸ்டாண்டில் உட்கார். நாலைந்து ஆட்டத்தில் பக்கத்து இருக்கைக்காரர் பெயர் தெரிந்துவிடும், பிறகு நீ வராவிட்டால் அவர் விசாரிப்பார். சென்னையில் பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர்மச்சான்ஸ் என்று ரசிகர் குழுக்கள் இருக்கின்றன. பாட்டுத் தெரியாவிட்டாலும் போய் நடுவில் நின்றால் போதும், ஒரு பாதி ஆட்டத்துக்குள் தெரிந்துவிடும். வீட்டுக் குழந்தைகளை அழைத்து வா. பெண்கள் லீக் ஆட்டத்தையும் சென்னை சீனியர் டிவிஷன் ஆட்டத்தையும் விட்டுவிடாதே, நாளைய வீரர்கள் அங்கேதான் ஆடுகிறார்கள்.

வீரர்களின் ஊரையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். 2023 ஆகஸ்டில், நாட்டின் மிகப் பழைய கால்பந்துப் போட்டியான டியூரண்ட் கோப்பையில், பரம எதிரி மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோலை அடித்து, அவர்களிடம் நெடுங்காலமாகத் தோற்றுவந்த ஈஸ்ட் பெங்காலை மீட்டவர் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர். கொல்கத்தாவில் அன்றிரவு அவரைக் கொண்டாடினார்கள். 2022 டியூரண்ட் இறுதிப் போட்டியில் பெங்களூருவுக்குக் கோல் அடித்த சிவசக்தி நாராயணன் காரைக்குடிப் பக்கத்துப் பையன். இவர்களுடைய படம் எத்தனை தமிழ்நாட்டுப் பள்ளிச் சிறுவர்களின் அறையில் ஒட்டப்பட்டிருக்கிறது?

நேரு ஸ்டேடியத்துக்கு முதல் முறை போகிறவர்கள் சீக்கிரமாகவே உள்ளே போய்விடுங்கள். கோல்கீப்பர்கள்தான் முதலில் பயிற்சிக்கு இறங்குவார்கள். குழந்தைகளோடு போனால் அந்தக் கோலுக்குப் பின்பக்கமாக இடம் பாருங்கள். வீரர்கள் பந்து உதைக்கும் சத்தம் அங்கே நன்றாகக் கேட்கும்.