மாடித் தோட்டத்துக் குடைமிளகாயில் வெள்ளை ஈ எண்ணிக்கை: ஒன்பது வாரக் குறிப்பு

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டு மாடியில் பன்னிரண்டு தொட்டிகளில் குடைமிளகாய் வளர்க்கிறேன். பிப்ரவரியில் இலைகளில் பிசுபிசுப்பும் (சாறு உறிஞ்சும் வெள்ளை ஈயின் கழிவு) அதன்மேல் கரும்பூசணமும் தென்பட்டபோது மருந்தடிக்கவில்லை. வெள்ளை ஈ எவ்வளவு இருக்கிறது, எத்தனை நாளில் இரட்டிக்கிறது என்று கணக்கிட முடிவு செய்தேன். வீட்டில் யாரும் இதைப் பாராட்டவில்லை. இறக்கைகளைக் கூரைபோல் சரித்து, நடுவே மஞ்சள் உடல் தெரிய அமர்ந்திருந்ததால் இது பெமிசியா டபாசி என்ற வெள்ளை ஈ இனம் என்று கொண்டேன்.

முதல் வாரம் பிற்பகலில் எண்ணியது வீண், தொட்டதும் பறந்துவிட்டன. பிறகு காலை ஏழு மணிக்கு முன், குளிரில் அவை மந்தமாக இருக்கையில், காம்பைப் பிடித்து இலையை மெல்லத் திருப்பப் பழகினேன். முட்டைகள் கொழுந்திலையின் அடிப்புறத்தில் இடப்படுகின்றன. செடி வளர வளர அந்த இலை கீழே தங்கிவிடுவதால், முதிர்ந்த இளம்பருவங்களைக் கீழிலைகளில்தான் தேட வேண்டும். ஆகவே வளர்ந்த ஈக்களுக்கு மேலிருந்து மூன்றாம் இலை என்று வரையறுத்துக்கொண்டேன்.

இருபது இலைகளில் 64 ஈக்கள், அதாவது இலைக்கு 3.2. இந்தச் சராசரியை நம்பியிருந்தால் ஏமாந்திருப்பேன்: ஒன்பது இலைகளில் ஒன்றுகூட இல்லை, இரண்டே இலைகளில் 18, 24 என மொய்த்திருந்தன. எண்ணிக்கைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்று காட்டும் விலக்க வர்க்கச் சராசரி 40.3. ஈக்கள் தற்செயலாகப் பரவியிருந்தால் இது சராசரிக்கு அருகில் இருந்திருக்கும். கூட்டமாகத் திரளும் உயிரிகளின் எண்ணிக்கைக்குப் பொருந்தும் எதிர்மறை ஈருறுப்புப் பரவலின் திரட்சி அளவு (சிறியதாக இருந்தால் திரட்சி அதிகம்), சராசரியின் வர்க்கத்தை இவ்விரண்டின் வித்தியாசத்தால் வகுக்க, 0.28 என வந்தது. ஒன்றுக்கு வெகு கீழே, கடுமையான திரட்சி. திட்டப் பிழையை, அதாவது சராசரியின் மதிப்பீட்டில் உள்ள நிச்சயமின்மையை, சராசரியில் நான்கில் ஒரு பங்குக்குள் அடக்க 63 இலைகள் வேண்டும். என் இருபது இலைகளில் அந்தப் பிழை சராசரியில் 44 விழுக்காடு.

அடுத்து, இலையில் கவ்வி நிற்கும் சிறு கிளிப் கூண்டில் ஒரு நாள் மட்டும் ஈக்களை அடைத்துப் பெற்ற 86 முட்டைகளை இலைப்படம் வரைந்து பின்தொடர்ந்தேன். 71 பொரித்தன, ஈயாகுமுன் உள்ள கடைசி இளம்பருவமான நான்காம் பருவத்தை எட்டியவை 29. இடையில் ஓரிரவு மாம்பழ மழை பெய்தது, ஆனால் இழப்பில் அதன் பங்கை என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. கடைசிக் கட்டத்தில் மட்டும் காரணம் தோலிலேயே எழுதியிருந்தது. ஈ வெளியேறிய தோலில் ஆங்கில ‘டி’ வடிவப் பிளவு இருக்கும். இளம்பருவத்துக்குள் வளரும் ஒட்டுண்ணிக் குளவி வெளியேறியதில் வட்டத் துளை இருக்கும். பிளவு 22, துளை 4, காய்ந்தவை 3.

முட்டையிலிருந்து ஈயாக 24 நாள். ஆணுடன் அடைத்த எட்டுப் பெண் ஈக்கள் (இணை சேராதவை ஆண் முட்டைகளையே இடும்) சாகும்வரை சராசரியாக 60 முட்டை இட்டன. பாதி பெண் எனக் கொண்டு, பிழைத்த விகிதத்தால் (86-இல் 22) பெருக்க, ஒரு தாய்க்கு 7.7 மகள்கள். ஈயான பின் முட்டையிடும் காலத்தையும் கணக்கில் கொண்டால் தலைமுறை 30 நாள், 7.7-இன் இயற்கை மடக்கையை 30 ஆல் வகுக்க வளர்ச்சி வேகம் நாளொன்றுக்கு 0.068, இரட்டிக்கப் பத்து நாள். கூண்டுக்குள் சிலந்தி நுழைவதில்லை என்பதால் இந்த வேகத்தை மேல்வரம்பாகவே கொள்கிறேன். அடுத்த சுற்றில் தொட்டிக்கு ஐந்து வீதம் அறுபது இலைகள் எண்ணப் போகிறேன்.