ஆறு மணியா, ஏழு மணியா?

இலங்கையின் சிவனொளிபாதமலை உச்சியில் ஒரு வழக்கம் இருக்கிறது. எத்தனையாவது தடவை ஏறி வந்திருக்கிறோமோ, அத்தனை தடவை அங்கே மணி அடிக்க வேண்டும். இந்தக் கணக்கில் எனக்கும் என் கூட்டாளிக்கும் முப்பது வருஷமாகத் தகராறு. இதுவரை ஐந்து தடவை ஏறியிருக்கிறோம் என்பேன் நான். ஆறு என்பாள் அவள். ஒரு வருஷம் வழியிலுள்ள சீதகங்குலை ஓடையோடு மழைக்குப் பயந்து திரும்பி வந்தோமே, அதையும் சேர்த்துச் சொல்கிறாள். மணியே அடிக்காத வருஷத்தை மணிக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

"மழ பெஞ்சதுக்கு நானா பொறுப்பு? கெளம்பினோமா இல்லையா?" இதுதான் அவள் பதில். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள் நான். இவளிடம் மட்டும் ஒரு கணக்கையும் நிரூபிக்க முடிந்ததில்லை.

இருவரும் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர்கள். அவள் பதினாறு வயதில் கொழுந்துக் கூடையைத் தூக்கினாள். பிறகு பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலைக்குப் போனாள். தோட்டத்தில் இன்று நாற்பது வயதில் நடமாடுகிறவர்களில் பாதிப் பேர் அவள் கையில் பால் குடித்து வளர்ந்தவர்கள்தான். நான் படித்து டீச்சரானேன். அன்றிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். "அடியே டீச்சர்" என்பாள். அதில் மரியாதை பாதி, நக்கல் பாதி. மூன்றாவதாக ஒருத்தியும் எங்களோடு இருந்தாள். தோட்டத் தமிழர்களை இரண்டு நாட்டுக்கும் பங்கு பிரித்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவள் குடும்பத்துக்கு இந்தியா விழுந்தது. எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறிப் போனாள். முதல் தடவை மலை ஏறியபோது நாங்கள் மூவர்.

மூன்று வருஷத்துக்கு முன் என் கூட்டாளிக்கு மார்பில் கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள். அப்புறம் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் இரவு பஸ்ஸில் நான்தான் கூடப் போனேன். இரண்டாவது மருந்துக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஒரு நாள் காலையில் தலையணையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்கிறேன், அவள் சொல்கிறாள்: "பழனிக்குப் போற செலவு மிச்சம்டி. முருகன் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் காணிக்கைய வாங்கிட்டாரு."

அந்த வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இவள் சிரிப்பதைப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள்.

மருந்து முடிந்து ஒன்றரை வருஷமானதும், மலைக்குப் போக வேண்டும் என்று அவளே ஆரம்பித்தாள். நேர்த்திக்கடனா என்று கேட்டேன். இல்லையாம். "ஏழு மணி அடிக்கணும்."

மலைப் பருவம் டிசம்பர் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி மே மாத வெசாக்கில் முடியும். போயா நாளிலும் சனி, ஞாயிறிலும் படியில் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமையைப் பிடித்தோம். என் மகன் தடுத்தான். அவள் மகள் அழுதாள். இருவருக்கும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சீனி வருத்தம், இரண்டு பிரஷர், ஒரு மோசமான முழங்கால், ஒரு பாதிக் கண். இதுதான் எங்கள் சொத்து. டாக்டரிடம் கேட்டோம். மெதுவாகப் போங்கள், அவசரப்படாதீர்கள், அந்தப் பக்கக் கையால் பாரம் தூக்க வேண்டாம் என்றார். கடைசியாகச் சொன்னதை மட்டும் அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டு பை முழுவதையும் என் தோளில் மாட்டிவிட்டாள்.

ஹட்டனில் பஸ் ஏறினால் நோர்வூட், மஸ்கெலியா தாண்டி மலையடிவாரத்து நல்லதண்ணி. மஸ்கெலியாவில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வந்ததும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். பழைய மஸ்கெலியா டவுன் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் கிடக்கிறது. அறுபதுகளின் கடைசியில் அணை கட்டியபோது கடை, கோயில், பள்ளிவாசல், பௌத்தப் பன்சாலை எல்லாம் மூழ்கிவிட்டன. கடும் வரட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் தலை நீட்டும்; சனம் திரண்டு போய்ப் பார்க்கும். என் அம்மாவுக்குத் தாலி கட்டியது அந்தக் கோயிலில்தான். அன்றைக்குத் தண்ணீர் நிறைய இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் பஸ் யன்னலுக்குள்ளிருந்தே ஒரு கும்பிடு போட்டோம்.

நல்லதண்ணியில் மாவு ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு மாலை ஆறரைக்குப் படியில் கால் வைத்தோம். இளந்தாரிகள் இரவு ஒரு மணி, இரண்டு மணிக்குக் கிளம்பிச் சூரிய உதயத்துக்கு உச்சியில் நிற்பார்கள். எங்கள் வேகத்துக்கு அது சரிப்படாது. ஹட்டன் பாதையில் படிகள் மட்டும் 5,500 என்பார்கள். மலையின் உயரம் 2,243 மீற்றர். நூறு படிக்கு ஒரு தடவை உட்காருவது என்பது எங்கள் ஒப்பந்தம். ஜப்பான்காரர்கள் கட்டிய சமாதானத் தூபி வருவதற்குள்ளேயே அது ஐம்பதாகிவிட்டது.

சீதகங்குலையில் முகம் கழுவினோம். தண்ணீர் ஐஸ். "இங்கதான் அன்னைக்கு நீ பயந்து திரும்பின" என்று அவள் ஆரம்பித்தாள். பயந்தது யார் என்பதில் எங்களுக்குள் இன்னொரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. அதை இங்கே எழுதவில்லை.

எதிரே இறங்கி வருகிறவர்களைப் பார்த்தால் சிங்களவர்கள் "கருணாவை" என்று வாழ்த்துவார்கள். நாங்கள் அரோகரா என்போம். புத்தரின் பாதம் என்று அவர்கள் ஏறுகிறார்கள், சிவன் பாதம் என்று நாங்கள் ஏறுகிறோம், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஆதாமின் காலடி என்பார்கள். யார் பாதமாக இருந்தாலும் ஏறுகிறவனுக்கு முழங்கால் ஒரே மாதிரித்தான் வலிக்கிறது. ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இறங்கி வருகிறவர்கள் எல்லோரும் "இன்னும் கொஞ்சம்தான்" என்று பொய் சொல்கிறார்கள். புண்ணியம் தேடி வந்த இடத்தில் இவ்வளவு பொய்யை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

ஒரு தேத்தண்ணிக் கடை வாங்கில், ஒரே கம்பளிக்குள் இரண்டு பேரும் சாய்ந்து மூன்று மணி நேரம் தூங்கினோம். அவள் குறட்டைதான் என்னை எழுப்பியது. என் குறட்டைதான் தன்னை எழுப்பியது என்று அவள் சொல்கிறாள்.

விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது, இந்திகட்டுபானவுக்கு வந்துவிட்டோம். புத்தர் அந்த இடத்தில் உட்கார்ந்து கிழிந்த சீவர ஆடையைத் தைத்தார் என்பது சிங்களவர்களின் நம்பிக்கை. அதனால் ஏறுகிறவர்கள் ஊசியில் நூல் கோத்து அங்கே குத்திவிட்டு, நூலை அவிழ்த்துக்கொண்டே மேலே போவார்கள். பாதையோரம் முழுக்க வெள்ளை நூல், சிலந்தி வலை மாதிரி. நாங்களும் சிறுவயதிலிருந்தே கதை தெரியாமலே இதைச் செய்து வருகிறோம். ஊசியும் நூல்கட்டையும் என் பையில்தான் இருந்தன.

டோர்ச்சை அவள் பிடித்தாள். நான் கோக்கப் பார்த்தேன். எனக்கு வலது கண்ணில் வெண்புரை. ஒரு ஊசி இரண்டாகத் தெரிகிறது, எந்தக் காதுக்குள் விடுவது? நூல் நுனியை எச்சில் வைத்து முறுக்கி நாலு தடவை பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினேன். அவள் கண் நல்ல கண். ஆனால் மருந்து ஏற்றிய நாளிலிருந்து அவளுக்கு விரல் நுனிகள் மரத்துப் போயிருக்கின்றன. ஊசியைப் பிடித்திருக்கிறாளா, விட்டுவிட்டாளா என்பதே அவளுக்குத் தெரியாது. ஊசி இரண்டு தடவை கீழே விழுந்தது. இரண்டு தடவையும் அந்த ஈரப் படியில் கையால் தடவித் தேடினேன்.

"இரு" என்றாள். "நூல நான் பாத்துச் சொல்றேன், நீ புடி. மேல... மேலடி... இப்ப கிட்ட கொண்டா."

அவள் கண், என் கை. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பின்னால் வந்த ஒரு சிங்களப் பிள்ளை, பதினெட்டு வயசு இருக்கும், நின்று பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கை நீட்டியது. "ஆச்சி, தென்ன" (பாட்டி, குடுங்க) என்று வாங்கி, ஒரே நொடியில் கோத்துக் கொடுத்துவிட்டு ஓடியது.

நன்றி சொல்லக்கூட நேரமில்லை. என் கூட்டாளி மட்டும் கொஞ்ச தூரம் போகும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். "அவ கேட்டிருக்காட்டி நாமளே கோத்திருப்போம்." பிறகு நின்று, "யாருடி ஆச்சி?" என்றாள்.

மஹாகிரிதம்ப ஏற்றத்தில்தான் உண்மையான சோதனை. கம்பியைப் பிடித்துப் படியாகப் படியாக ஏற வேண்டும். அவளுக்கு நல்ல பக்கக் கையால்தான் பிடிக்க முடியும். கம்பி மற்றப் பக்கம் வரும்போதெல்லாம் என் தோளைப் பிடித்தாள். ஒரு இடத்தில் உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. உதடு வெளுத்திருந்தது. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன். திரும்பிவிடுவோமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் அதையும் ஒரு தடவையாகக் கணக்கில் சேர்த்துவிடுவாள்.

அப்படி உட்கார்ந்திருக்கும்போதே கிழக்கு வெளுத்து, சிவந்து, சூரியன் வந்துவிட்டது. மேலே உச்சியில் பௌத்தர்களின் "சாது, சாது" கோஷம் கேட்டது. மலையின் நிழல் மேற்கே முக்கோணமாக விழும் அந்தக் காட்சி எங்களுக்குக் கிடைக்கவில்லை. நாங்கள் மலையின் இடுப்பில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

எட்டேகாலுக்கு உச்சி. உதயம் பார்த்த கூட்டம் இறங்கிவிட்டிருந்தது. செருப்பைக் கழற்றினால் கல் குளிர் முழங்கால் வரை ஏறியது. பாதத்தை வணங்கினோம். அவள் கண்ணை மூடியபடி நெடுநேரம் நின்றாள். என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. கப்பலேறிப் போனவளின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கற்பூரம் கொளுத்தினேன்.

மணியில் யாரும் இல்லை. நான் முதலில் அடித்தேன். ஆறு. எண்ணி, தெளிவாக, ஆறு. பிறகு அவள் கயிற்றைப் பிடித்தாள். ஆறாவது அடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே ஏழாவது அடித்தாள்.

"ஆறுதான்டி" என்றேன்.

"சரி, உன் கணக்குப்படியே ஆறுன்னு வச்சிக்க. ஏழாவது அடுத்த வருஷத்துக்கு. தீவாளி அட்வான்ஸ் மாதிரி."

"அட்வான்ஸ் குடுத்தா அப்புறம் மாசா மாசம் சம்பளத்துல வெட்டுவாங்களே?"

"வெட்டட்டும்" என்றாள், சேலைத் தலைப்பை மார்புக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு. "வெட்டுறதயெல்லாம் ஏற்கெனவே வெட்டியாச்சு."

சிரித்ததில் எனக்கு மூச்சு வாங்கியது. கண்ணைத் துடைத்துவிட்டு, கயிற்றை அவள் கையிலிருந்து வாங்கி, நானும் ஒரு அட்வான்ஸ் எடுத்துக்கொண்டேன்.